மூலக்கூறுக்கு முனைவு உண்டா, இல்லையா? தாளும் உருளைக்கிழங்கும் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கார்பனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பு முனைவுள்ளது; அதாவது அதன் ஒரு பக்கம் லேசான நேர்மின்சுமையும் மறுபக்கம் லேசான எதிர்மின்சுமையும் இருக்கும். அந்தப் பிணைப்பு நான்கு இருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது. மூன்று மட்டும் இருக்கும் குளோரோஃபார்ம் முனைவுள்ளது. பதினோராம் வகுப்பு வேதியியலில் வேதிப்பிணைப்புப் பாடத்துக்கு வந்து சேரும் மாணவர்கள் இந்த மூன்று வரிகளையும் பார்த்துக் கொஞ்சம் விழிக்கிறார்கள். பிறகு எல்லாருமே ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: முனைவுள்ளவை ஒரு பக்கம், முனைவற்றவை மறுபக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத ஒரு மூலக்கூறு கேள்வித்தாளில் வந்தால் கதை முடிந்தது.

பட்டியல் வேண்டாம். எந்தச் சிறிய மூலக்கூறைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் விடை சொல்ல ஒரு வழிமுறை இருக்கிறது. காட்பாடியிலும் குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் பிளஸ் ஒன் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலை ஆய்வகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, பள்ளியில் படித்ததைத் தூசி தட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். காரணத்தைக் கீழே பார்ப்போம்.

தேவையானவை: தாள், பென்சில், இரண்டு மூன்று சிறிய உருளைக்கிழங்குகள், துடைப்பத்திலிருந்து உருவிய நாலைந்து ஈர்க்குச்சிகள், ஒரு தீப்பெட்டி. குடியாத்தத்துக்காரர்களுக்குத் தீப்பெட்டியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அணுக்களைக் குச்சியில் கோக்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி கடைகளில் கிடைக்கும், வாங்க வேண்டாம். அதில் ஓட்டைகள் முன்கூட்டியே சரியான கோணத்தில் போடப்பட்டிருக்கும். கோணத்தை நீங்களே யோசித்துக் குத்தினால்தான் மனதில் நிற்கும்.

முதல் படி: பிணைப்பில் யார் பக்கம் இழுப்பு அதிகம்?

இரண்டு அணுக்கள் ஓர் இரட்டை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டால் அது சகப்பிணைப்பு. பகிர்வு என்றால் சரிபாதி என்று அர்த்தமில்லை. எந்த அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறதோ அதன் அருகே கொஞ்சம் எதிர்மின்சுமை சேரும்; மற்ற அணுவின் பக்கம் அதே அளவு நேர்மின்சுமை நிற்கும். இழுக்கும் திறனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். அதற்கு எண் கொடுத்தவர் லைனஸ் பாலிங். 1932இல் அவர் அளவுகோலை வெளியிட்டார். வேதிப்பிணைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் மனப்பாடத்துக்கு அனுமதி உண்டு. ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கந்தகம் 2.58, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, போரான் 2.04. சிறிய மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எட்டு எண்களே போதும்.

இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். ஹைட்ரஜனும் குளோரினும் என்றால் வித்தியாசம் 0.96. கார்பனும் ஹைட்ரஜனும் என்றால் 0.35, அநேகமாகச் சரிசமப் பகிர்வு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்றால் 1.24, நல்ல இழுப்பு. தாளில் பிணைப்பின் மேல் ஓர் அம்புக்குறி போடுங்கள்; அம்பின் முனை அதிகம் இழுக்கும் அணுவைப் பார்க்கட்டும். வித்தியாசம் பெரிதென்றால் அம்பு நீளம், சிறிதென்றால் குட்டை.

வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயனிப்பிணைப்பு (ஓர் அணு எலக்ட்ரானை மற்றதற்கு முழுமையாகக் கொடுத்துவிடுவது) என்று பல கையேடுகளில் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் வித்தியாசம் 1.78. கோட்டின்படி பார்த்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு உப்பைப் போலத் திண்மமாக இருக்கவேண்டும். அதுவோ 19.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. வேலூர் வெயிலில் அது வாயுவாகத்தான் இருக்கும். முழுப் பகிர்வு, முழுக் கொடை என்ற இரண்டு ஓரங்களுக்கு நடுவே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. கோடு கிழித்தது நம் வசதிக்கு.

அந்தத் தொடர்ச்சியில் ஒரு பிணைப்பு எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடவும் முடியும். மின்சுமையின் அளவை, பிரிந்து நிற்கும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது இருமுனை திருப்புத்திறன். அதன் அலகு டிபை. 1936இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபையின் பெயர். ஹைட்ரஜன் குளோரைடில் இரண்டு அணுக்களுக்கும் இடையே 1.275 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஓர் எலக்ட்ரான் முழுமையாகக் குளோரினுக்கே போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் திருப்புத்திறன் 6.1 டிபை வரவேண்டும். அளந்து பார்த்தால் சுமார் 1.1தான் வருகிறது. ஆக, அதில் அயனித்தன்மை ஏறத்தாழ 18 சதவீதம். ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 42 சதவீதம் வரும். நீங்களே போட்டுப் பாருங்கள்: தூரம் 0.917 ஆங்ஸ்ட்ராம், அளந்த மதிப்பு 1.83 டிபை, ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு 4.8 டிபை.

இரண்டே அணுக்கள் உள்ள மூலக்கூறு என்றால் வேலை இங்கேயே முடிந்துவிடும். ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் என்றால் முனைவில்லை. வேறு வேறு என்றால் உண்டு. மூன்றாவது அணு வந்ததும்தான் ஆட்டமே தொடங்குகிறது.

இரண்டாம் படி: மைய அணுவிடம் மிச்சம் எவ்வளவு?

பலர் இந்தப் படியைத் தாவிவிட்டு நேரே வடிவத்துக்குப் போகிறார்கள். அங்கேதான் வழுக்குகிறது. பிணைப்பில் ஈடுபடாமல் மைய அணுவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான்கள்தான் மூலக்கூறை வளைக்கின்றன. அவற்றுக்குத் தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் அணுக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவை கணக்கில் வராது.

எண்ணுவதற்கு ஒரு சுருக்கு வழி: மைய அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது போட்டிருக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். இரட்டைப் பிணைப்பை இரண்டாக எண்ண வேண்டும். மீதியை இரண்டால் வகுத்தால் வருவது தனித்த இரட்டைகளின் எண்ணிக்கை.

நீரில் ஆக்சிஜனுக்கு வெளிக்கூட்டில் 6, பிணைப்பு 2, மீதி 4, ஆக இரண்டு தனித்த இரட்டைகள். அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு 5, பிணைப்பு 3, மீதி 2, ஒரு தனித்த இரட்டை. கார்பன் டை ஆக்சைடில் கார்பனுக்கு 4, இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு 4, மிச்சம் ஒன்றுமில்லை. சல்ஃபர் டை ஆக்சைடில் கந்தகத்துக்கு 6, அங்கும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு 4, மீதி 2, ஒரு தனித்த இரட்டை. பெயரில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் அண்ணன் தம்பி. இந்த ஒரு தனித்த இரட்டை இரண்டையும் வேறு வேறு குணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. முன்னதன் திருப்புத்திறன் சுழி, பின்னதுக்கு 1.63 டிபை.

மூன்றாம் படி: உருளைக்கிழங்கில் குச்சி குத்துங்கள்

எலக்ட்ரான் இரட்டைகள் எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளி நிற்கப் பார்க்கின்றன. இந்த எளிய எண்ணத்தை வைத்து மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லும் முறையை 1957இல் கில்லெஸ்பி, நைஹோம் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். பாடநூலில் நீளமான பெயரோடு வரும் இணைதிறக்கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்குக் கொள்கை இதுதான். பெயரைக் கண்டு மிரள வேண்டாம்.

உருளைக்கிழங்குதான் மைய அணு. இணைந்திருக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் ஈர்க்குச்சி. அங்கே இருப்பது இரட்டைப் பிணைப்பாக இருந்தாலும் ஒரே குச்சிதான். ஒவ்வொரு தனித்த இரட்டைக்கும் ஒரு தீக்குச்சி. மொத்தக் குச்சிகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் எதிரெதிராக, ஒரே நேர்கோட்டில் குத்துங்கள். மூன்று என்றால் ஒரே தளத்தில் 120 டிகிரி இடைவெளி விட்டுக் குத்துங்கள். நான்கு என்றால்தான் கவனம் தேவை. முதலில் முக்காலிக்குக் கால் வைப்பதுபோல மூன்று குச்சிகளைக் கீழ்நோக்கி விரித்துக் குத்துங்கள்; நான்காவதை நேரே மேலே. மேசையில் வைத்தால் நிற்கவேண்டும். எந்தக் குச்சி மேலே வரும்படி திருப்பி வைத்தாலும் அதே தோற்றத்தில் நிற்கவேண்டும். அப்போது எந்த இரண்டு குச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ 109.5 டிகிரி இருக்கும். இதுதான் நான்முகி.

(உருளைக்கிழங்குக்குப் பதிலாகக் கத்தரிக்காய் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரிக்காயை இதற்கு வீணாக்க எனக்கு மனம் வராது. அது ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது.)

தாளில் மட்டும் வரைந்துவிட்டுப் போவோரை ஒரு மூலக்கூறு விடாமல் ஏமாற்றும்: டைகுளோரோமீத்தேன். கார்பனை நடுவில் போட்டு, மேலும் கீழும் ஹைட்ரஜன், வலமும் இடமும் குளோரின் என்று சிலுவை மாதிரி வரைவார்கள். இரண்டு குளோரின்களும் எதிரெதிரே இருப்பதுபோலத் தெரியும். இழுப்பு ரத்தாகிவிட்டது, முனைவற்றது என்று எழுதிவிடுவார்கள். உருளைக்கிழங்கை எடுத்து நான்முகியாகக் குத்திப் பாருங்கள். நான்கு குச்சிகளில் எந்த இரண்டும் எதிரெதிரே வரவே வராது. எந்த இரண்டு குச்சிகளைக் குளோரின் என்று வைத்தாலும் அவை ஒரே பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஹைட்ரஜன் இரண்டும் மறுபக்கம். அளந்த மதிப்பு 1.60 டிபை. தாள் தட்டையானது, மூலக்கூறு தட்டையானதல்ல. இந்த ஒரு கேள்விக்காகவே உருளைக்கிழங்கு செலவு தகும்.

தீக்குச்சிகள் இருக்கும் இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். தனித்த இரட்டை ஒரே அணுவின் பிடியில் இருப்பதால் கொஞ்சம் பரந்து இடம் பிடிக்கும். பக்கத்துப் பிணைப்புகளை நெருக்கும். அதனால்தான் மீத்தேனில் 109.5ஆக இருக்கும் கோணம் அம்மோனியாவில் 107ஆகவும் நீரில் 104.5ஆகவும் சுருங்குகிறது.

ஐந்து, ஆறு குச்சிகள் வரும் மூலக்கூறுகளும் உண்டு. தொடக்கத்தில் அவற்றுக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். நான்கு வரை கை பழகிய பிறகு தானாக வரும்.

நான்காம் படி: அம்புகளைக் கூட்டுங்கள்

முதல் படியில் போட்ட அம்புகளை இப்போது மூன்றாம் படியின் வடிவத்தில் பொருத்துங்கள். தேர் வடத்தை எல்லாரும் ஒரே பக்கம் பிடித்து இழுத்தால் தேர் நகரும். எதிரெதிர்ப் பக்கம் சமமாக இழுத்தால் நிலையிலேயே நிற்கும். நின்றால் முனைவற்றது, நகர்ந்தால் முனைவுள்ளது.

கார்பன் டை ஆக்சைடில் ஒவ்வொரு பிணைப்பும் நன்றாகவே முனைவுள்ளது. அப்படி ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பை மட்டும் வைத்திருக்கும் ஃபார்மால்டிஹைடுக்குத் திருப்புத்திறன் 2.33 டிபை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு, இரண்டு அம்புகளும் நேரெதிர், மொத்தம் சுழி.

நீரில் கோணம் 104.5. ஒவ்வோர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கும் 1.5 டிபை என்று வையுங்கள். கோணத்தில் பாதி 52.25 டிகிரி, அதன் கொசைன் 0.612. இரண்டு, 1.5, 0.612 மூன்றையும் பெருக்கினால் 1.84 வரும். அளந்த மதிப்பு 1.85. இவ்வளவு அழகாக எல்லா மூலக்கூறுக்கும் பொருந்திவிடாது. தனித்த இரட்டைகளின் பங்கையும் அந்த 1.5க்குள்ளேயே அடக்கிவிட்டதால் இங்கே பொருந்துகிறது.

தனித்த இரட்டைக்கும் ஓர் அம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மோனியாவையும் நைட்ரஜன் டிரைஃபுளூரைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் ஒரே வடிவம்: மூன்று ஈர்க்குச்சி கீழே, ஒரு தீக்குச்சி மேலே. நைட்ரஜன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 0.84, நைட்ரஜன்–ஃபுளூரின் வித்தியாசம் 0.94. எண்களை மட்டும் பார்த்தால் ஃபுளூரின் உள்ளதுதான் அதிக முனைவோடு இருக்கவேண்டும். நடப்பது நேர்மாறு: அம்மோனியாவுக்கு 1.47 டிபை, மற்றதற்கு வெறும் 0.23.

தீக்குச்சியின் மேல் அதன் நுனியைப் பார்த்து ஓர் அம்பு வரைந்துகொள்ளுங்கள்; தனித்த இரட்டையின் எதிர்மின்சுமை அங்கேதான் இருக்கிறது. அம்மோனியாவில் ஹைட்ரஜனைவிட நைட்ரஜன் இழுப்பது அதிகம். ஆகவே மூன்று பிணைப்பு அம்புகளும் கீழிருந்து மேலே நைட்ரஜனை நோக்கிப் போகின்றன. தீக்குச்சி அம்பும் மேலே. எல்லாம் ஒரே திசை. ஃபுளூரின் விஷயத்தில் பிணைப்பு அம்புகள் நைட்ரஜனை விட்டுக் கீழே இறங்குகின்றன. தீக்குச்சி அம்பு மட்டும் மேலே போகிறது. ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பொதுத்தேர்வுக்கும் நுழைவுத்தேர்வுக்கும் கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த ஜோடி மேல் தனிப் பிரியம். விடையை உருப்போட வேண்டாம். இரண்டு உருளைக்கிழங்கைக் குத்தி, அம்பு வரைந்து பாருங்கள்.

தோல் தொழிற்சாலையில் இதற்கு என்ன வேலை?

முனைவுள்ள நீர், முனைவுள்ளதைக் கரைக்கும். மற்றதை அவ்வளவாகக் கரைக்காது. இந்த வாசகம் எல்லாருக்கும் தெரியும். எண்களாகப் பார்த்தால்தான் அதன் எல்லையும் தெரியும். 20 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீர் கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழ 0.9 லிட்டர் கரைக்கும். கோலி சோடாவில் குண்டு மேலே ஒட்டிக்கொண்டு நிற்குமளவுக்கு அழுத்தம் கொடுக்கவேண்டியிருப்பது இதனால்தான். அழுத்தம் போனதும் வாயு பொங்கி வெளியேறிவிடுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 2.6 லிட்டர் கரையும். தீக்குச்சியைக் கிழித்ததும் மூக்கில் ஏறும் காட்டமான சல்ஃபர் டை ஆக்சைடு சுமார் 40 லிட்டர். அம்மோனியா பல நூறு லிட்டர்.

திருப்புத்திறன்களைப் பக்கத்தில் எழுதுங்கள்: 0, 0.97, 1.63, 1.47. பொதுவாக ஏறுமுகம்தான். ஆனால் கடைசி இரண்டில் வரிசை மாறுகிறது. சல்ஃபர் டை ஆக்சைடைவிடக் குறைந்த முனைவுள்ள அம்மோனியா எப்படி இவ்வளவு கரைகிறது? நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் நைட்ரஜனின் தனித்த இரட்டையும் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. முனைவுத்தன்மை ஒரு கதவைத் திறக்கிறது என்றால் ஹைட்ரஜன் பிணைப்பு இன்னொன்றைத் திறக்கிறது. திருப்புத்திறன் ஒன்றை மட்டும் வைத்துக் கரைதிறனைச் சொல்ல முடியாது.

இப்போது தொழிற்சாலைக்குள் வாருங்கள். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவார்கள். பிறகு சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்புகளைப் போடுவார்கள். அந்தக் கட்டத்தில் அம்மோனியா வெளிவரும். அதற்கும் பிறகு கந்தக அமிலமும் உப்பும் கொண்ட குளியல். சல்ஃபைடு கலந்த கழிவு நீரும் அமிலம் கலந்த கழிவு நீரும் ஒரே கால்வாயிலோ தொட்டியிலோ சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தேங்கி நிற்கும்.

இந்த இரண்டு வாயுக்களையும் ஒன்றுபோல நினைப்பது ஆபத்து. அம்மோனியா கசிந்தால் ஈரத் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடலாம். துணியில் உள்ள நீர் அதை வாங்கிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வாயுவை அடக்கவும் முடியும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு ஈரத் துணி காப்பாகாது. ஏன் என்று மேலே எழுதிய எண்களே சொல்கின்றன. கந்தகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் 0.38தான், பிணைப்பே மந்தம். ஹைட்ரஜன் பிணைப்பும் மிகப் பலவீனம். வடிவத்தில் நீரைப் போலவே வளைந்திருந்தாலும் (கோணம் 92) நீரோடு அதற்குப் பெரிய ஒட்டுறவு கிடையாது. நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, இது மைனஸ் 60இலேயே கொதித்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, அழுகிய முட்டை நாற்றம் இருக்கும்வரைதான் அது நம்மை எச்சரிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. வாயு அளவி இல்லாமல், காற்றுக் கருவி மாட்டாமல் எவரும் இறங்கக்கூடாது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் இறங்கக்கூடாது. அந்த வாயுவைப் பிடிக்கவேண்டுமென்றால் வெறும் நீர் போதாது, காரம் வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அது அயனியாக மாறிக் கரைந்துவிடும். கழுவு கோபுரங்களில் காரக் கரைசலைச் சுழலவிடுவதன் காரணம் இதுதான்.

வழுக்கும் இடங்கள்

ஒரே தனிமத்தின் அணுக்கள் மட்டும் இருந்தால் முனைவே கிடையாது என்று நம்புகிறவர்களுக்கு ஓசோனைக் காட்டுங்கள். மூன்றும் ஆக்சிஜன்தான். ஆனால் நடு ஆக்சிஜனில் ஒரு தனித்த இரட்டை இருப்பதால் மூலக்கூறு 117 டிகிரியில் வளைந்திருக்கிறது. நடு அணு கொஞ்சம் நேர்மின்சுமையோடும் ஓர அணுக்கள் எதிர்மின்சுமையோடும் இருக்கின்றன. திருப்புத்திறன் 0.53 டிபை.

தனித்த இரட்டை இருந்தால் முனைவு உறுதி என்பதும் சரியல்ல. செனான் டெட்ராஃபுளூரைடில் செனானுக்கு 8, பிணைப்பு 4, மீதி 4, இரண்டு தனித்த இரட்டைகள். ஆறு குச்சி வேண்டும்: நான்கு ஈர்க்குச்சிகள் ஒரே தளத்தில் சதுரமாக, தீக்குச்சி ஒன்று நேர் மேலே, ஒன்று நேர் கீழே. எல்லாமே ரத்து. சுழி.

கார்பன் மோனாக்சைடுதான் எல்லாரையும் திகைக்க வைப்பது. ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் 0.89. முதல் படியின்படி நல்ல முனைவு இருக்கவேண்டும், ஆக்சிஜன் எதிர்மின்முனையாக இருக்கவேண்டும். அளந்தால் 0.11 டிபைதான், அதுவும் கார்பன் பக்கம்தான் லேசான எதிர்மின்சுமை. மூன்று பிணைப்பு இரட்டைகளில் ஒன்றுக்கான இரண்டு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனே தருகிறது. கார்பனின் தனித்த இரட்டை வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து கவர்தன்மையின் இழுப்பைச் சமன்செய்து, ஒரு மயிரிழை தாண்டியும்விடுகின்றன. கவர்தன்மையை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. என்றாலும் இதைக் காட்டி வழிமுறையையே சந்தேகப்பட வேண்டாம், இது விதிவிலக்கு.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சோதனை. தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பை, குழாயிலிருந்து நூல்போல ஒழுகும் நீருக்கு அருகே கொண்டுபோனால் நீர் சீப்பை நோக்கி வளையும். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் நன்றாக வரும். ஐப்பசி ஈரத்தில் சீப்பில் மின்சுமை நிற்காது. நீர் மூலக்கூறுகள் முனைவுள்ளவை என்பதால்தான் வளைகிறது என்று பல நூல்களில் இருக்கும். அது பாதிகூட உண்மையில்லை. சீப்பின் மின்சுமை, குழாய் வழியாக ஒழுகும் நீரில் எதிர்ச்சுமையைத் தூண்டிவிடுவதே வளைவுக்கு முக்கியக் காரணம். பார்க்க நன்றாக இருக்கிறது, செய்யுங்கள். ஆனால் முனைவுக்குச் சான்றாக எழுதாதீர்கள். சான்று வேண்டுமென்றால் நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் திரவத்தில் சில துளிகளை நீரில் விடுங்கள். அது ஒன்றாகக் கலந்துவிடும். அசிட்டோனின் திருப்புத்திறன் 2.88. அதே நீரில் கடலை எண்ணெய் விட்டால் மேலே மிதக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும்.

போட்டுப் பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு நான்கு படிகளையும் வரிசையாகச் செய்யுங்கள். விடையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு செய்வது நல்லது.

போரான் டிரைஃபுளூரைடு: போரானுக்கு 3, பிணைப்பு 3, மிச்சமில்லை. தட்டை முக்கோணம். சுழி. அம்மோனியாவைப் போல இதிலும் மூன்று அணுக்கள்தான் ஒட்டியிருக்கின்றன; ஒரு தீக்குச்சி இல்லாததுதான் வித்தியாசம்.

ஹைட்ரஜன் சயனைடு: நேர்கோடு. இரண்டு அம்புகளும் நைட்ரஜன் பக்கமே பார்க்கின்றன. 2.98 டிபை.

1,2-டைகுளோரோஎத்தீன்: இதில் இரண்டு மாற்றியங்கள். கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருப்பதால் குளோரின்கள் சுழன்று இடம் மாற முடியாது. ஒரே பக்கம் இருக்கும் சிஸ் வடிவத்துக்கு 1.90 டிபை, 60 டிகிரியில் கொதிக்கிறது. எதிரெதிர் மூலையில் இருக்கும் டிரான்ஸ் வடிவத்துக்குச் சுழி, 48 டிகிரியில் கொதிக்கிறது. ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள், ஒரே எடை.

கார்பனைல் சல்ஃபைடு: கார்பன் டை ஆக்சைடில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வையுங்கள். கார்பனிடம் மிச்சமில்லை, நேர்கோடுதான். சுழி என்று எழுதும் முன் இரண்டு முனைகளிலும் இருக்கும் அணுக்களைப் பாருங்கள்: ஆக்சிஜன் 3.44, கந்தகம் 2.58. 0.72 டிபை.